பட்டறை பதில்கள்: பிக்கப், கேம்பர், இழுவைக் கொக்கி

இரண்டு மாதங்களாக வந்த கடிதங்களில் பெரும்பகுதி ஒரே பொருளைப் பற்றியவை. பிக்கப் வண்டியின் முதுகில், பயணத்தில் தங்கிக்கொள்ள உதவும் கேம்பர் கூண்டை ஏற்றி, அதற்குப் பின்னால் சிறு ட்ரெய்லர் ஒன்றையும் இழுத்துச் செல்ல விரும்பும் வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். இதற்கான பொருள்கள் நம் ஊர்க் கடைகளில் ஆயத்தமாகக் கிடைப்பது குறைவு என்பதால், அம்பத்தூரிலோ பாடியிலோ தெரிந்த பட்டறையில் சொல்லிச் செய்துகொள்கிறார்கள். நம் பட்டறைக்காரர்களின் கைத்திறனில் எனக்கு ஐயம் இல்லை. செய்து முடித்த பொருளை ஒருமுறைகூடப் பாரம் ஏற்றிச் சோதிக்காமல், குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் இறங்கிவிடுகிறார்களே என்பதுதான் கவலை. அந்தக் கவலையோடுதான் இந்த இதழின் பதில்கள் அனைத்தையும் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என்னிடம் இரட்டைக் கேபின் பிக்கப் உள்ளது, வீல்பேஸ் (முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையிலான தொலைவு) 3.1 மீட்டர். கேம்பர் கூண்டை ஏற்றியதும் அது பின்பம்பரைத் தாண்டி இரண்டரை அடி வெளியே நிற்கிறது. அதனால் வண்டியின் இழுவைக் கொக்கியின் சதுரக் குழாய்க்குள் 750 மி.மீ. நீட்டிப்புக் குழாய் ஒன்றைச் செருகி, அதன் நுனியில் பாலை (ட்ரெய்லரின் மூக்கு மாட்டிக்கொள்ளும் இரும்புக் குண்டை) பொருத்த விரும்புகிறேன். 50 மி.மீ. சதுரக் குழாய், 4 மி.மீ. தடிமன் போதும் என்கிறார் பட்டறைக்காரர். போதுமா?
— அம்பத்தூர் வாசகர்

பதில்: போதாது. ஏன் போதாது என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்; உங்கள் பட்டறைக்காரரோடு உட்கார்ந்து நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

ட்ரெய்லரின் முன்பாரம், அதாவது அதன் மூக்கு உங்கள் பாலின் மேல் அழுத்தும் எடை, 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நீட்டிப்பு இல்லாதபோது பால், குழாய் வாயிலிருந்து சுமார் 200 மி.மீ. தள்ளி நிற்கும். அப்போது வாயில் விழும் வளைவு விசை ஏறத்தாழ 196 நியூட்டன் மீட்டர். நீங்கள் 750 மி.மீ. நீட்டினால் தொலைவு 950 மி.மீ. ஆகிறது, அதே 100 கிலோ அதே வாயில் 932 நியூட்டன் மீட்டர் விசையைத் தருகிறது. எடை கூடவில்லை, தொலைவு மட்டுமே கூடியது. ஆனாலும் கொக்கி தாங்க வேண்டிய வளைவு ஏறத்தாழ ஐந்து மடங்காகிவிட்டது. நீளமான கைப்பிடி போட்டால் இறுகிய நட்டும் சுலபமாகத் திரும்புகிறதல்லவா? இங்கே அந்தக் கைப்பிடி உங்கள் நீட்டிப்புக் குழாய். திருகப்படுவது உங்கள் கொக்கி.

பட்டறைக்காரர் சொன்ன 50-க்கு 50, 4 மி.மீ. குழாயில் இந்த விசை 89 மெகாபாஸ்கல் தகைவை, அதாவது இரும்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் விசையை, உண்டாக்கும். சாதாரண மைல்ட் ஸ்டீல் நிரந்தரமாக வளையத் தொடங்குவது 250-இல். நின்ற நிலையில் இது நிம்மதி தரும் கணக்காகத்தான் தெரியும். ஆனால் வண்டி நின்றுகொண்டே இருக்கப் போவதில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போதும், பாலத்தின் இணைப்பில் பின்சக்கரம் விழும்போதும் அந்த 100 கிலோ ஒரு கணத்துக்குப் பல மடங்கு எடையாக அடிக்கிறது. மூன்று மடங்கு என்று வைத்துக் கணக்கிடுவது என் வழக்கம். அப்படி வைத்தால் தகைவு 267. அதாவது முதல் பெரிய பள்ளத்திலேயே குழாய் வளையக்கூடும். நீட்டிப்பைக் கொக்கியில் பூட்டும் ஊசிக்காகத் துளை போட்ட இடத்திலும் வெல்டிங் ஓரத்திலும் தகைவு இதைவிடக் கூடும் என்பதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

60-க்கு 60, 6 மி.மீ. குழாய்க்கு மாறினால் நின்ற நிலைத் தகைவு 44 ஆக, அதாவது பாதியாகக் குறையும். ஆனால் அத்தோடு கவலை தீராது. குழாய் தடித்தாலும் கொக்கியின் வாய்க்கும், கொக்கியைச் சேஸிஸோடு பிணைக்கும் போல்ட்டுகளுக்கும் போய்ச் சேரும் வளைவு விசை அதே 932-தான். ஆகவே நீட்டிப்பின் வெளி நுனியிலிருந்து இரண்டு பக்கச் சேஸிஸ் சட்டங்களுக்கும் கீழிருந்து தாங்கும் இரு முட்டுகள் கொடுக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் அவை விரிந்த கால்கள்போல் அமைய வேண்டும். அப்போதுதான் பக்கவாட்டு ஆட்டத்தையும் அவை பிடிக்கும். முட்டுகள் தாழ்வாக இறங்கினால் வேகத்தடையில் இடிக்கும். இந்தியச் சாலைக் காங்கிரஸின் அளவுப்படி வேகத்தடையின் உயரம் 10 செ.மீ. மட்டுமே என்றாலும், நம் தெருக்களில் அளவு பார்க்காமல் போட்டவை ஏராளம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் பால் பின்அச்சிலிருந்து 2.2 மீட்டர் பின்னால் நிற்கும் என்று கொண்டால், அங்கே வைக்கும் 100 கிலோ முன்அச்சிலிருந்து 71 கிலோவைத் தூக்கிவிடும். பின்அச்சில் 171 கிலோ ஏறும். கேம்பர் ஏற்கெனவே பின்னால் அழுத்திக்கொண்டிருக்கும் வண்டியில், ஸ்டீயரிங் சக்கரங்களின் பிடி மேலும் குறைவது நல்லதல்ல.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் கொக்கியை நீட்ட மாட்டேன். ட்ரெய்லரின் இழுவைத் தண்டை நீட்டுவேன். கேம்பரின் நீண்ட பகுதி பம்பரைவிட உயரத்தில் இருப்பதால், தண்டு அதன் அடியில் புகுந்து பாலுக்கு வந்துசேர இடம் இருக்கும். பால் பழைய இடத்திலேயே நிற்கும். கொக்கியின் வளைவு விசை கூடாது. தண்டு நீள நீள ட்ரெய்லரின் ஆட்டமும் குறையும். தண்டை மட்டும் அதற்கேற்ற கனத்தில் செய்ய வேண்டும். அதோடு, வண்டி முழுதாகத் திரும்பும்போதும், சரிவில் இறங்கி ஏறும்போதும் தண்டோ அதன் முன்ஜாக்கியோ கேம்பரின் அடியில் இடிக்காதவாறு இடைவெளியை அளந்துகொள்ள வேண்டும். பட்டறை வாசலில் இருக்கும் சாய்தளம் ஒன்றே இந்தச் சோதனைக்குப் போதுமானது.

கேள்வி: ஏற்கெனவே நீட்டிப்பைச் செய்து பொருத்திவிட்டேன். அது தாங்குமா என்று பட்டறையிலேயே சோதிக்க வழி உண்டா? இரண்டு பேர் அதன்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லை.
— கொளத்தூர் வாசகர்

பதில்: குதித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. எவ்வளவு பாரம் விழுந்தது, எவ்வளவு வளைந்தது, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பியதா என்னும் மூன்று கேள்விகளில் ஒன்றுக்கும் அது விடை தருவதில்லை. அதே பட்டறையில், அதிகச் செலவில்லாமல் முறையாகச் சோதிக்கலாம்.

முதலில் சேஸிஸின் பின்சட்டங்களுக்கு அடியில் உறுதியான குதிரை ஸ்டாண்டுகளை வைத்து வண்டியைத் தாங்குங்கள். இல்லையென்றால் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்குவதையும் சேர்த்து அளந்துவிடுவீர்கள். நுண்ணிய அசைவையும் முள்ளால் காட்டும் டயல் கேஜின் காந்த அடியைச் சேஸிஸில் ஒட்டி, அதன் முனை நீட்டிப்பின் நுனியைத் தொடும்படி வையுங்கள். பாலுக்கு நேர் கீழே, தரையில் பதித்த கொக்கியிலிருந்து செயின் பிளாக்கால் கீழ்நோக்கி இழுங்கள். இடையில் தொங்கு தராசு ஒன்று இருக்கட்டும். உங்கள் முன்பாரம் 100 கிலோ என்றால் 100, 200, 300 என்று படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு நிமிடம் நிறுத்தி முள்ளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு முழுதாகத் தளர்த்துங்கள். இந்த நேரம் முழுவதும் இழுக்கப்படும் சங்கிலியின் நேரில் யாரும் நிற்கக் கூடாது.

முதல்முறை தளர்த்தும்போது முள் பூஜ்யத்துக்குத் திரும்பாமல் இருக்கலாம். ஊசிக்கும் துளைக்கும் இடையிலுள்ள விளையாட்டு, அதாவது சிறு தளர்வு, அடங்குவதால் அப்படி ஆகும். இரண்டாம் முறை ஏற்றித் தளர்த்தும்போது அது புறப்பட்ட இடத்துக்கே திரும்ப வேண்டும். திரும்பவில்லை என்றால் இரும்பு எங்கோ நிரந்தரமாக வளைந்திருக்கிறது அல்லது வெல்டிங் எங்கோ விட்டுக்கொடுக்கிறது.

திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் இப்படிச் சோதித்தது நினைவில் நிற்கிறது. 600 மி.மீ. நீட்டிப்பு, பார்வைக்கு அழகான வெல்டிங், மேலே புதிய கறுப்புப் பெயின்ட். 100 கிலோவில் முள் ஒன்றரை மில்லிமீட்டர் நகர்ந்தது, 200-இல் மூன்று. கணக்குக்கு ஒத்துப் போனதால் எல்லோரும் திருப்தியாக இருந்தோம். 300 கிலோவை ஏற்றி நிறுத்தியபோது தராசு அசையவில்லை. முள் மட்டும் நிற்காமல் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. தளர்த்தினோம், ஒரு மில்லிமீட்டருக்கு மேல் மிச்சம் நின்றது. ஊசியின் விளையாட்டு என்று நினைத்து இறுக்கிவிட்டு மறுபடி ஏற்றினோம், மறுபடியும் மிச்சம்.

பெயின்டைச் சுரண்டிச் சுத்தம் செய்து, வெடிப்பைக் காட்டும் சிவப்புச் சாயத்தை அடித்தோம். பத்து நிமிடம் ஊறவிட்டு, துணியால் முழுதும் துடைத்து, வெள்ளைப் பொடித் திரவத்தைத் தெளித்தோம். வெள்ளைப் பரப்பில் முதலில் ஒன்றுமே தெரியவில்லை. பிறகு மேற்பக்க வெல்டிங்கின் ஓரத்தில் ஒரு சிவப்பு முடி தோன்றி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நகத்தின் அகலத்துக்கு நீண்டது. கீழ்நோக்கி அழுத்தும் பாரத்துக்கு மேற்பக்கம்தான் இழுபடும் பக்கம். வெடிப்பு தொடங்க வேண்டிய இடத்திலேயே தொடங்கியிருந்தது. அந்த வண்டி மறுநாள் காலையில் ஏலகிரிக்குப் புறப்படுவதாக இருந்தது. 14 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த முடி எவ்வளவு நீண்டிருக்கும் என்று நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

சுத்தம் செய்யும் திரவம், சாயம், பொடித் திரவம் ஆகிய மூன்று குப்பிகளும் வெல்டிங் பொருள்கள் விற்கும் கடைகளில் கிடைக்கின்றன. பெயின்ட் அடித்தபின் இச்சோதனை பயன்படாது. ஆகவே சோதனை முடியும்வரை பெயின்டைத் தொட வேண்டாம் என்று பட்டறையில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: முன்பாரம் எவ்வளவு இருக்க வேண்டும்? அதை வீட்டில் எப்படி அளப்பது?
— மாதவரம் வாசகி

பதில்: மாட்டுவண்டி கட்டத் தெரிந்த பெரியவர் யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், அவரைக் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும். பின்பாரமாக ஏற்றினால் நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்தை நெரிக்கும். முன்பாரம் மிகுந்தால் கழுத்தில் புண் வரும். ட்ரெய்லருக்கும் இதே நியாயம்தான். அமெரிக்காவில் ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு முன்பாரமாக இருக்கட்டும் என்கிறார்கள். ஐரோப்பாவில் 5 முதல் 7 விழுக்காடு என்பது வழக்கம். அவர்களுடைய வண்டிகளும், கொக்கிகளின் தாங்கும் அளவும், இழுக்கும் வேகமும் வேறானவை. உங்கள் கொக்கியின் தகட்டில் செங்குத்துப் பாரத்துக்கான உச்ச அளவு எழுதப்பட்டிருந்தால் அதுவே இறுதி எல்லை. விழுக்காட்டுக் கணக்கு அதைத் தாண்டக் கூடாது.

அளப்பதற்கு, நீங்கள் இருக்கும் மாதவரத்திலேயே லாரிகளை நிறுக்கும் எடைமேடை கிடைக்கும். முதலில் பயணத்துக்குத் தயாரான நிலையில், அதாவது தண்ணீர்த் தொட்டி நிரம்பி, ஆட்கள் உட்கார்ந்து, பிக்கப்பை மட்டும் எடை போடுங்கள். அடுத்து ட்ரெய்லரை மாட்டி, பிக்கப்பின் நான்கு சக்கரங்கள் மட்டும் மேடையில் இருக்க, ட்ரெய்லரின் சக்கரங்கள் வெளியே சமதரையில் இருக்கும்படி எடை போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு முன்பாரம். பிறகு பிக்கப்பும் ட்ரெய்லரும் சேர்ந்த முழுத் தொடரையும் ஏற்றி எடை போட்டால், அதிலிருந்து முதல் எடையைக் கழித்தது ட்ரெய்லரின் முழு எடை. முன்அச்சை மட்டும் மேடையில் ஏற்றி, ட்ரெய்லர் மாட்டிய நிலையிலும் மாட்டாத நிலையிலும் ஒருமுறை எடுத்துக்கொண்டால் ஸ்டீயரிங் சக்கரங்கள் எவ்வளவு பாரம் இழக்கின்றன என்பதும் தெரிந்துவிடும். 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோ, 14.2 கிலோ எரிவாயு நிரம்பிய வீட்டுச் சிலிண்டர் இரும்போடு சேர்ந்து 30 கிலோ அளவில் வரும். கேம்பரை வெறுமையாக எடை போட்டுவிட்டு இவற்றைப் பிறகு ஏற்றுவதால்தான் பலருடைய கணக்கு தவறுகிறது.

லாரி எடைமேடை சிறு எடைகளை நுட்பமாகக் காட்டாது. 60, 70 கிலோ முன்பாரத்தைத் துல்லியமாக அறிய வீட்டில் ஆள் எடை பார்க்கும் தராசு போதும். ஐந்தடிப் பலகை ஒன்றின் ஒரு முனையை, அடியில் இரும்புக் குழாய்த் துண்டு வைத்துச் செங்கல்லின் மேலும், அங்கிருந்து நான்கு அடி தள்ளி, அதேபோல் குழாய்த் துண்டு வைத்துத் தராசின் மேலும் தாங்குங்கள். செங்கல் பக்கக் குழாயிலிருந்து சரியாக ஓர் அடியில் ட்ரெய்லரின் மூக்கை இறக்குங்கள். தராசு காட்டுவதிலிருந்து பலகை மட்டும் இருந்தபோது காட்டியதைக் கழித்து, நான்கால் பெருக்கினால் முன்பாரம். சாலையில் நிற்கும் அதே உயரத்தில் மூக்கு இருக்க வேண்டும். சாய்த்து வைத்தால் அளவு மாறும்.

கேள்வி: கொக்கியைச் சேஸிஸில் துளையிட்டுப் போல்ட் போடாமல் வெல்டிங் செய்துவிடலாம், அதுதான் உறுதி என்கிறார் எங்கள் பகுதி வெல்டர். புதுப்பேட்டையில் பழைய கொக்கி ஒன்றும் மலிவாகக் கிடைத்தது. வாங்கலாமா?
— அயனாவரம் வாசகர்

பதில்: சேஸிஸ் சட்டத்தில் வெல்டிங் வேண்டாம். உயர்வலிமை எஃகு, வெல்டிங் சூட்டில் அந்த ஓரத்தில் மட்டும் தன் வலிமையை இழக்கும். ஆண்டுக்கணக்கில் அதிரும் சட்டத்தில் வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். கொக்கி தன்னளவில் வெல்டிங் செய்யப்பட்டதாக இருக்கலாம். சேஸிஸோடு அது சேர்வது போல்ட்டால்தான். முடிந்தவரை சட்டத்தில் உற்பத்தியாளர் விட்டிருக்கும் துளைகளையே பயன்படுத்துங்கள். புதிய துளை தவிர்க்க முடியாததென்றால் அது சட்டத்தின் நிற்கும் பக்கத்தில் இருக்கட்டும். மேல், கீழ் மடிப்புகளில் ஒருபோதும் வேண்டாம், வளைவால் வரும் தகைவு உச்சமாக இருப்பது அங்கேதான். துளையைக் கேஸ் கட்டிங்கால் அல்ல, டிரில்லால் போட வேண்டும்.

போல்ட்டின் தலையில் அதன் வலிமைத் தரத்தைக் காட்டும் 8.8 அல்லது 10.9 என்ற எண் பொறித்திருக்க வேண்டும். எண் இல்லாத போல்ட்டை இந்த வேலைக்குக் கையில் எடுக்காதீர்கள். 12 மி.மீ. 8.8 போல்ட்டுக்கு 80 நியூட்டன் மீட்டர் அளவில் டார்க் ரெஞ்சால் இறுக்குவது வழக்கம்; கொக்கியோடு வந்த குறிப்பில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள். இறுக்கியபின் நட்டையும் தகட்டையும் சேர்த்து மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். 100 கிலோமீட்டர் ஓடியபின் படுத்துப் பார்த்தால், கோடு உடைந்திருக்கிறதா என்பது ஒரே பார்வையில் தெரியும். உடைந்திருந்தால் இறுக்கிவிட்டு மறப்பது சரியல்ல. தகடுகளுக்கு இடையே பெயின்ட் நசுங்கியதா, துளை அகன்றதா என்று காரணத்தைத் தேடுங்கள்.

புதுப்பேட்டைக் கொக்கியைப் பொறுத்தவரை, அதன் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய அளவில் சோதிக்கப்பட்ட கொக்கியில் டி மதிப்பு என்று, அது தாங்கும் இழுவிசையைக் குறிக்கும் ஒரு எண் கிலோநியூட்டனில் இருக்கும். வண்டியின் உச்ச எடையையும் ட்ரெய்லரின் எடையையும் டன்னில் எடுத்து, இரண்டையும் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81-ஆல் பெருக்கினால் உங்களுக்குத் தேவையான மதிப்பு வரும். 2.9 டன் பிக்கப், 1.5 டன் ட்ரெய்லர் என்றால் 9.7. தகட்டில் இருப்பது அதைவிடக் குறைவானால் அந்தக் கொக்கி உங்களுக்கு உரியதல்ல. தகடே இல்லாததும், சூடுகாட்டி நிமிர்த்திய நீலத் தழும்பு உள்ளதும், மலிவு எவ்வளவாக இருந்தாலும் வேண்டாம். விபத்தில் அடிபட்ட வண்டியிலிருந்து கழற்றியதாக இருக்கலாம். அதன் பழைய கதையை நமக்குச் சொல்ல யாரும் இல்லை.

கேள்வி: ட்ரெய்லரை மாட்டி இண்டிகேட்டர் போட்டு, பிரேக்கும் மிதித்தால் எல்லா விளக்குகளும் மங்கி மங்கி எரிகின்றன. ட்ரெய்லரில் உள்ள 12 வோல்ட் குளிர்பெட்டியும் சரியாகக் குளிர்வதில்லை. எலக்ட்ரீஷியன் பல்பை மாற்றச் சொல்கிறார்.
— பெரம்பூர் வாசகர்

பதில்: பல்பில் குறை இல்லை, எர்த்தில்தான் குறை. மின்னோட்டம் திரும்பிச் செல்ல முறையான எர்த் இல்லாதபோது அது மற்ற விளக்குகளின் வழியாகச் சுற்றிக்கொண்டு திரும்புகிறது. அதனால் ஒன்று எரியும்போது இன்னொன்று மங்குகிறது. பாலும், அதன்மேல் கவிழ்ந்து பூட்டும் ட்ரெய்லர் மூக்கின் கப்ளரும் தொட்டுக்கொண்டிருப்பதே எர்த் என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிரீஸ் தடவிய பால் நம்பத்தக்க எர்த் ஆகாது. ஏழு முனைக் கனெக்டரில் மூன்றாம் முனை, வெள்ளைக் கம்பி, இதற்கென்றே உள்ளது. மற்றவை: ஒன்று மஞ்சள், இடது இண்டிகேட்டர், இரண்டு நீலம், பனி விளக்கு, நான்கு பச்சை, வலது இண்டிகேட்டர், ஐந்து பழுப்பு, வலது பின்விளக்கு, ஆறு சிவப்பு, பிரேக் விளக்கு, ஏழு கறுப்பு, இடது பின்விளக்கு.

சோதனை எளிது. எல்லா விளக்குகளையும் எரியவிட்டு, ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிக்கப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறுமுனையை ட்ரெய்லர் விளக்கின் எர்த் திருகிலும் வையுங்கள். மீட்டர் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் வழியில் எங்கோ தடை இருக்கிறது. விளக்குகள் அணைந்த நிலையில் ஓம் பார்ப்பது பயன் தராது; ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருக்கும் கம்பியும் ஓம் சோதனையில் தேறிவிடும், பாரம் வரும்போதுதான் தோற்கும்.

குளிர்பெட்டிக்குக் காரணம் வேறு. 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி மீட்டருக்குச் சுமார் 7 மில்லி ஓம் தடை தரும். பேட்டரியிலிருந்து ட்ரெய்லருக்கு 7 மீட்டர், திரும்பி வர 7 மீட்டர். 10 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே ஒரு வோல்ட் போய்விடும். 6 சதுர மி.மீ. கம்பிக்கு மாற்றினால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸும், எஞ்சின் ஓடும்போது மட்டும் சேரும் ரிலேயும் வையுங்கள். விளக்குக் கம்பிகளை வண்டியின் பின்விளக்குக் கம்பியில் கத்தியால் சீவி முறுக்கிச் சேர்ப்பதை மட்டும் செய்யாதீர்கள். இன்றைய வண்டிகளில் பல்பின் மின்னோட்டத்தைக் கணினி கண்காணிப்பதால், ரிலே பெட்டி வழியாக எடுப்பதே பாதுகாப்பு.

கேள்வி: கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஆம்னி பேருந்து ஒன்று முந்திச் சென்றபோது ட்ரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கியது. பயந்து பிரேக்கை அழுத்தினேன், ஆட்டம் கூடியது. எப்படியோ தப்பித்தோம். என்ன தவறு?
— நீலாங்கரை வாசகர்

பதில்: நீங்கள் தப்பியது குறித்து மகிழ்கிறேன். அப்படிப்பட்ட நேரத்தில் பிக்கப்பின் பிரேக்கை அழுத்தினால் முன்னால் உள்ள வண்டி மெதுவாகி, பின்னால் உள்ளது தள்ளுகிறது, ஆட்டம் பெருகும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆட்டத்தை எதிர்த்துத் திருப்பாமல் வேகம் தானாகக் குறைய விடவேண்டும். ட்ரெய்லருக்குத் தனி மின்பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் இயக்கலாம். பின்னாலிருந்து பிடிக்கும் பிரேக் தொடரை இழுத்து நேராக்கும்.

காரணம் பெரும்பாலும் பின்பாரம். சைக்கிள், ஜெனரேட்டர், தண்ணீர்க் கேன் எல்லாம் ட்ரெய்லரின் பின்சுவரில் அடுக்கப்பட்டிருந்தனவா என்று பாருங்கள். கனமானவை அச்சுக்குச் சற்று முன்னும், தரையை ஒட்டியும் இருக்க வேண்டும். மொத்தச் சரக்கில் ஏறத்தாழ 60 விழுக்காடு அச்சுக்கு முன்னே இருக்கட்டும். டயர் காற்றையும் அளந்துகொள்ளுங்கள். மாற்றியபின் சோதிக்க நெடுஞ்சாலைக்குப் போக வேண்டாம். அனுமதி பெற்ற தனியார் மைதானத்தில் 30, 40, 50 என்று படிப்படியாகக் கூட்டி, ஒவ்வொரு வேகத்திலும் ஸ்டீயரிங்கை ஒரு விரற்கடை அசைத்துவிட்டு நேராக்குங்கள். ஆட்டம் ஒன்றிரண்டு அசைவில் அடங்கினால் சரி. அடங்க நேரம் கூடிக்கொண்டே போனால் அந்த வேகத்துக்கு மேல் போகாதீர்கள்; பாரத்தை மாற்றி அடுக்கி மறுபடி சோதித்துப் பாருங்கள்.

கேள்வி: இவற்றுக்கெல்லாம் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டுமா?
— தாம்பரம் வாசகர்

பதில்: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ட்ரெய்லர் தனியாகப் பதிவு செய்யப்பட வேண்டிய வாகனம். இரும்பை வெட்டுவதற்கு முன்பே வரைபடத்தோடு உங்கள் வட்டார அலுவலகத்துக்குப் போய் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் கேளுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

கேள்வி: மகன் அமெரிக்காவிலிருந்து இரண்டு அங்குலப் பால் வாங்கி வந்திருக்கிறான். நம் 50 மி.மீ. கப்ளருக்கு ஒத்துவருமா? படகு ட்ரெய்லரைக் கடலில் இறக்குவதால் எதைக் கவனிக்க வேண்டும்?
— கோவளம் வாசகர்

பதில்: இரண்டு அங்குலம் என்பது 50.8 மி.மீ. இந்த முக்கால் மில்லிமீட்டர் சிறிதுதான் என்றாலும், 50-க்குச் செய்த கப்ளரின் பூட்டு அதன்மேல் முழுதாக விழாமல் போகலாம். விழுந்ததுபோல் தோன்றுவதுதான் ஆபத்து. 50 மி.மீ. கப்ளருக்கு 50 மி.மீ. பாலையே போடுங்கள். பால் தேயும், வெர்னியரால் பல திசைகளில் அளந்து, எங்காவது 49 மி.மீ.-க்கு இறங்கியிருந்தால் மாற்றிவிடுங்கள். மாட்டியதும் ட்ரெய்லரின் முன்ஜாக்கியைச் சுற்றிப் பிக்கப்பின் பின்பக்கம் சற்றே உயரும்வரை தூக்கிப் பாருங்கள். கப்ளர் கழலவில்லை என்றால் பூட்டு பிடித்திருக்கிறது. காப்புச் சங்கிலிகள் இரண்டையும் கப்ளருக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள். கழன்றாலும் மூக்கு சாலையில் குத்தாமல் அந்தத் தொட்டிலில் விழும்.

படகை இறக்கும் முன் விளக்குக் கனெக்டரைக் கழற்றிவிடுங்கள். சூடான பல்ப் குளிர்நீர் பட்டால் வெடிக்கும். நெடுந்தொலைவு ஓடிச் சூடேறிய சக்கரக் குடம் திடீரென நீரில் மூழ்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி உப்புநீரை பேரிங்குக்குள் உறிஞ்சிவிடும். கை வைத்தால் சூடு தெரியாத அளவு ஆறும்வரை காத்திருங்கள். வெளியே எடுத்ததும் அன்றே நல்ல தண்ணீரால் கழுவி, அடுத்த பயணத்துக்கு முன் குடத்தைத் திறந்து கிரீஸின் நிறத்தைப் பாருங்கள். பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பேரிங்கைக் கழற்றி, பழைய கிரீஸை முழுதும் கழுவி, புதிய கிரீஸும் புதிய சீலும் போட்டபின் வண்டியை எடுங்கள்.